டிராய் வீரனின் கதைக்குப் பரீட்சை!

கிரேக்க, ரோமானிய நாகரிகம் படிக்கும் இங்கிலாந்துப் பிள்ளைகள்

கோட்டை வாசலில் ஒரு வீரன் நிற்கிறான். வெளியே சண்டை நடக்கிறது. அவன் போயாக வேண்டும்.

எதிரே அவன் மனைவி. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா இல்லை. உடன் பிறந்த ஏழு பேரும் எதிரியின் கையால் மாண்டு போனார்கள். மிச்சம் இருப்பவன் கணவன் ஒருவன்தான். போக வேண்டாம் என்று கண்ணீர் விட்டுக் கெஞ்சுகிறாள்.

அவன் மனம் கலங்குகிறது. ஆனால், சண்டைக்குப் பயந்து ஒளிந்துகொண்டான் என்று ஊர் பேசுமே! குழந்தையைத் தூக்குவதற்குக் கை நீட்டுகிறான்.

குழந்தை வீரிட்டு அழுகிறது! தாதியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது.

காரணம் வேறொன்றும் இல்லை. அப்பாவின் தலையில் வெண்கலக் கவசம். அதன் உச்சியில் குதிரை மயிர்க் குஞ்சம் ஆடுகிறது. அதைப் பார்த்துத்தான் குழந்தைக்குப் பயம்.

அந்தத் துயரத்திலும் அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். வீரன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். குழந்தையை வாங்கி முத்தம் கொடுக்கிறான்.

பிறகு கவசத்தை எடுத்துக்கொண்டு போகிறான். சில நாட்களில் சண்டையில் மாண்டு போகிறான். அவன் திரும்பி வந்து குளிப்பதற்காக மனைவி வெந்நீர் போடச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் கோட்டை மதில் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கிறது.

வீரன் பெயர் ஹெக்டர். டிராய் நகரத்து இளவரசன். மனைவியின் பெயர் ஆண்ட்ரோமகி. இந்தக் கதையைச் சொன்ன கவி ஹோமர். சொல்லிச் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகின்றன.

இங்கிலாந்தில் இந்தக் கதையைப் படித்துப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஹெக்டர் போனது சரியா? குடும்பம் பெரிதா, ஊர் பெரிதா?" என்று அவர்கள் யோசிக்க வேண்டும். யோசித்ததைக் காரணத்தோடு எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு!

என்ன பாடம் இது?

நம் ஊரில் ஒரு காலத்தில் 'புகுமுக வகுப்பு' என்று ஒன்று இருந்தது. பள்ளியை முடித்துக் கல்லூரிப் பட்டப் படிப்புக்குப் போகும் முன் படிப்பது. இப்போது அந்த இடத்தில் பிளஸ் 2 இருக்கிறது.

இங்கிலாந்திலும் அப்படி ஒரு கட்டம் உண்டு. 16 வயது முதல் 18 வயது வரை இரண்டு ஆண்டுகள். பெரும்பாலோர் மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் படிப்பார்கள். இதற்கு 'ஏ லெவல்' என்று பெயர்.

கணிதம் எடுக்கலாம். ரசாயனம் எடுக்கலாம். சரித்திரம் எடுக்கலாம். அவற்றைப் போலவே 'கிளாசிக்கல் சிவிலைசேஷன்' என்றும் ஒரு பாடம் எடுக்கலாம். பழைய கிரேக்க, ரோமானிய மக்களின் வாழ்க்கையைப் பற்றிய பாடம் அது. அவர்களுடைய காவியம், நாடகம், சிலை, கோயில், அரசியல், குடும்பம் எல்லாம் அதில் வரும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கிரேக்க மொழி தெரிய வேண்டாம். லத்தீன் மொழியும் தெரிய வேண்டாம். எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான்.

'இதில் என்ன விசேஷம்?' என்று தோன்றலாம். பூட்டிக் கிடந்த ஒரு கதவு திறந்தது இப்படித்தான்!

பூட்டிய கதவு

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் சேர வேண்டுமானால், கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும். விஞ்ஞானம் படிக்கப் போகிறவனுக்கும் அதே விதிதான்!

அந்த மொழிகளைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே செலவு மிகுந்த பள்ளிகளில் சேர்ந்து கற்றார்கள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கும், கொத்தனார் பிள்ளைக்கும் அது எட்டாக் கனி.

தாமஸ் ஹார்டி என்ற பிரபல எழுத்தாளர் இதை வைத்தே ஒரு நாவல் எழுதினார். அது 1895-ல் புத்தகமாக வந்தது. பெயர் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்'. அதில் கல் தச்சு வேலை செய்யும் ஓர் இளைஞன் ராத்திரி பகலாகத் தானே கிரேக்கமும் லத்தீனும் படிக்கிறான். கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். 'உன் தொழிலையே பார்த்துக்கொள்' என்கிற மாதிரி பதில் வருகிறது. கற்பனைக் கதைதான். ஆனால், அன்றைய நிலைமை அதுதான்.

பிறகு கதவு மெல்ல மெல்லத் திறந்தது. கிரேக்கம் கட்டாயம் என்ற விதியைக் கேம்பிரிட்ஜ் 1919-லும், ஆக்ஸ்போர்டு 1920-லும் கைவிட்டன. லத்தீன் கட்டாயம் என்ற விதி 1960-ல்தான் போயிற்று.

விதி போனதும் வேறு ஒரு கவலை பிறந்தது. 'கட்டாயம் இல்லை என்றால் யார் படிப்பார்கள்? ஹோமரும் வர்ஜிலும் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுவார்களே!' என்று ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள்.

மொழி தெரியாவிட்டால் கதையும் தெரியக் கூடாதா? மொழிபெயர்ப்பிலேயே படித்தால் என்ன? இந்த எண்ணம் வலுத்தது. 1970-களில் கிரேக்க, ரோமானிய நாகரிகம் என்ற பாடம் பள்ளிகளில் வேர் விட்டது.

குண்டு மழையில் பிறந்த புத்தகம்

நல்ல மொழிபெயர்ப்பு இருந்ததால்தான் இது நடந்தது. அதிலும் ஒரு கதை உண்டு.

ஈ. வி. ரியூ என்று ஓர் ஆங்கிலேயர். புத்தகப் பதிப்புத் துறையில் இருந்தவர். அவருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. 1912-ல் பம்பாய்க்கு வந்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் இந்தியக் கிளையை நிர்வகித்தவர் அவர்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அந்த நாட்களில் ரியூ மாலை நேரங்களில் ஹோமரின் 'ஒடிசி' காவியத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். மனைவியும் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். கிரேக்கத்தைப் பார்த்து, பேசுகிற ஆங்கிலத்தில் அப்படியே கதையாகச் சொல்வார்.

வீட்டிலே சொன்ன அந்தக் கதைதான் பின்பு புத்தகமாயிற்று. 1946-ல் பெங்குவின் கம்பெனி அதை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. விலை ஒரு ஷில்லிங்! பழைய கிரேக்கக் கதையை யார் வாங்குவார்கள் என்று கம்பெனியில் சிலர் தயங்கினார்கள். முதலாளி ஆலன் லேன் துணிந்து அச்சிட்டார்.

புத்தகம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெங்குவின் கிளாசிக்ஸ் என்ற வரிசைக்கு அதுவே முதல் புத்தகம்.

என்னென்ன படிக்கிறார்கள்?

இப்போது நடக்கிற ஏ லெவல் பாடத்திட்டம் 2017-ல் தொடங்கியது. இதை நடத்துவது ஓ.சி.ஆர். என்ற பரீட்சை நிறுவனம். மொத்தம் மூன்று தாள்கள்.

முதல் தாள் எல்லோருக்கும் பொது. பெயர் 'வீரனின் உலகம்'. 100 மார்க். நேரம் 2 மணி 20 நிமிஷம். ஹோமர் பாடிய இரண்டு காவியங்களில் ஒன்றைப் படிக்க வேண்டும். இலியட் எடுத்தால் ஹெக்டர் கதை. ஒடிசி எடுத்தால், சண்டை முடிந்து பல ஆண்டுகள் கடலில் அலைந்து வீடு திரும்பிய ஒடிசியஸ் கதை.

அதோடு ரோமானியக் கவி வர்ஜில் பாடிய 'ஈனியட்' காவியமும் உண்டு. டிராய் நகரம் தீப்பற்றி எரிகிறது. ஈனியஸ் என்ற வீரன் கிழட்டுத் தகப்பனாரைத் தோளில் சுமந்து, சின்ன மகனைக் கையில் பிடித்து, தப்பி ஓடுகிறான். பின்னால் வந்த மனைவியை இருட்டில் தவறவிட்டு விடுகிறான். ரோமானியர் தங்கள் மூதாதையாகக் கொண்டாடியது இவனைத்தான்.

காவியத்தின் முடிவில், தோற்றுப் போன எதிரி அவன் காலடியில் கிடந்து கருணை கேட்கிறான். ஈனியஸ் ஒரு கணம் தயங்குகிறான். பிறகு கொன்றுவிடுகிறான். 'இவன் நல்லவனா? கொன்றது நியாயமா?' என்று 2,000 ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. வகுப்பில் பிள்ளைகளும் விவாதிக்கிறார்கள்.

மற்ற இரண்டு தாள்களும் தலா 75 மார்க். நேரம் தலா 1 மணி 45 நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் நான்கு தலைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கிரேக்க நாடகம் எடுக்கலாம். கிரேக்கக் கலை எடுக்கலாம். மதம், காதல், மக்களாட்சி என்று வேறு தலைப்புகளும் இருக்கின்றன.

கிழவராகாத சக்கரவர்த்தி!

ஒரு தலைப்பு ரோமாபுரியின் முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸைப் பற்றியது. அவர் சாகும்போது அவருக்கு ஏறக்குறைய 76 வயது. ஆனால், அவருடைய சிலைகளைப் பாருங்கள். முகத்தில் முதுமை தெரியாது! என்றும் வாலிபர்!

1863-ல் ரோமாபுரிக்கு அருகே அவருடைய மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் ஒரு பளிங்குச் சிலை கிடைத்தது. இப்போது வத்திக்கான் காட்சிச்சாலையில் இருக்கிறது. அகஸ்டஸ் சேனாதிபதி உடையில் கையை உயர்த்தி நிற்கிறார். ஆனால், காலில் செருப்பு இல்லை. தெய்வங்களைத்தான் சிற்பிகள் அப்படி வெறுங்காலோடு காட்டுவார்கள். 'நான் தெய்வம்' என்று வாயால் சொல்லாமல், சிலையால் சொல்லும் தந்திரம் இது!

ஒரு தலைவன் தன் உருவத்தை ஜனங்கள் மனதில் எப்படிப் பதிய வைக்கிறான்? இதைத்தான் பிள்ளைகள் ஆராய்கிறார்கள். இதைக் கற்றுக்கொண்டவர்கள், தெருவில் ஒட்டியிருக்கும் எந்தச் சுவரொட்டியையும் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் சக்கரவர்த்தியின் முகத்தை ஊர் ஊராகக் கொண்டு போனது எது? காசு! அகஸ்டஸ் முகம் பதித்த காசுகள் ரோம சாம்ராஜ்யம் முழுவதும் புழங்கின. அதைத் தாண்டியும் வந்தன. எங்கே வந்தன தெரியுமா? நம் ஊருக்கு!

கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த திபெரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக ரோமானியப் பொன்னும் வெள்ளியும் கடல் கடந்து வந்த காலம் அது.

புதுக்கோட்டைக் காசுகளில் ஒரு வேடிக்கை! பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை மீது உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இவை காசாகச் செல்லக் கூடாது, வெறும் பொன்னாகவே மதிக்க வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அங்கே தெய்வம் மாதிரி நின்ற சக்கரவர்த்திக்கு இங்கே தலையில் வெட்டு!

ஓட்டுச் சில்லு

இன்னொரு தலைப்பு, ஏதென்ஸ் நகரத்து மக்களாட்சி.

ஏதென்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. 'இந்த மனிதர் மிஞ்சிப் போகிறார், ஊருக்கு ஆபத்து' என்று தோன்றினால், அவரை 10 ஆண்டுகளுக்கு ஊரை விட்டு அனுப்பிவிடலாம். ஜனங்கள் உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போட வேண்டும்.

அரிஸ்டைடிஸ் என்ற தலைவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருக்கு 'நேர்மையாளர்' என்று பட்டம். ஓட்டுப் போடுகிற அன்று எழுத்துத் தெரியாத ஒருவன் அவரிடமே வந்தான். அவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஓட்டை நீட்டி, 'அரிஸ்டைடிஸ்' என்று எழுதித் தரும்படி கேட்டான்.

"அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்றார் அவர்.

"ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் நேர்மையாளர், நேர்மையாளர் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது!" என்றான் அவன்.

அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார். கி.மு. 482-ல் ஊரை விட்டும் போனார்.

அருமையான கதை. ஆனால், ஆசிரியர் அங்கே நிறுத்த மாட்டார். 'இதை எழுதியவர் யார்? புளூட்டார்க். அவர் வாழ்ந்தது எப்போது? அரிஸ்டைடிஸுக்கு 500 ஆண்டுகளுக்கும் பிறகு! அப்படியானால் எவ்வளவு தூரம் நம்பலாம்?' என்று கேட்பார்.

அடுத்து, பூமியில் தோண்டி எடுத்த சாட்சி வரும். 1937-ல் ஏதென்ஸில் ஒரு பழைய கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டோக்ளிஸ். கையெழுத்தை ஆராய்ந்தார்கள். 190 பேர் எழுதியதாகத் தெரியவில்லை. ஏறக்குறைய 14 பேர் கையெழுத்துதான்! வேண்டாதவர்கள் முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். மக்களாட்சி பிறந்த ஊரிலேயே தில்லுமுல்லும் இருந்திருக்கிறது!

அந்த மக்களாட்சியில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லித் தருகிறார்கள். 'பழையது எல்லாம் பொன்' என்று கும்பிடுவதற்காக இந்தப் பாடம் வைக்கவில்லை. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று எடை போட வைப்பதற்காகத்தான்.

மூடப் பார்த்த கதவு

இவ்வளவு நல்ல பாடத்துக்கும் ஆபத்து வந்தது.

2016-ல் ஏ.க்யூ.ஏ. என்ற பெரிய பரீட்சை நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கலை வரலாறு, தொல்பொருள் ஆராய்ச்சி, கிளாசிக்கல் சிவிலைசேஷன் ஆகிய மூன்று பாடங்களுக்கும் இனி ஏ லெவல் பரீட்சை நடத்தப் போவதில்லை என்றது. பரீட்சை இல்லை என்றால் பள்ளியில் பாடம் ஏது?

கலை வரலாற்றை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கிளாசிக்கல் சிவிலைசேஷன் ஓ.சி.ஆர். கையில் தங்கியது. தொல்பொருள் பாடத்தை ஏற்க யாரும் வரவில்லை. அந்த ஏ லெவல் நின்றே போயிற்று.

அடுத்த ஆண்டு, 2017-ல், ஈடித் ஹால் என்ற பேராசிரியையும், ஆர்லீன் ஹோம்ஸ்-ஹெண்டர்சன் என்ற கல்வியாளரும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் ரோமும் எப்படியாவது கிடைத்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்குமா? இதுதான் அவர்கள் கேள்வி.

அவர்கள் சொன்ன வழி சுலபமானது. கிரேக்கப் பண்டிதரைத் தேடி அலைய வேண்டாம். சரித்திரமோ இலக்கியமோ சொல்லித் தருகிற ஆசிரியர் ஏற்கனவே பள்ளியில் இருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும். மொழிபெயர்ப்புப் புத்தகம் வாங்கினால் போதும். பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

"வேலை கிடைக்குமா?"

இங்கிலாந்துப் பெற்றோர்களும் நம் பெற்றோர்களைப் போலத்தான் கேட்கிறார்கள். "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?"

மற்ற ஏ லெவல் பாடங்களைப் போல இதுவும் பல்கலைக்கழகத்தில் சேர உதவும். ஒரு கேள்விக்கு இரு பக்கமும் பார்த்து, சாட்சியை எடை போட்டு, தன் கருத்தைத் தெளிவாக எழுதும் பழக்கம் இதில் வரும். வக்கீலுக்கும் வேண்டியது அதுதான். பத்திரிகைக்காரருக்கும் வேண்டியது அதுதான். ஓட்டுப் போடும் குடிமகனுக்கும் வேண்டியது அதுதான்!

ஆனால், வேலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஹெக்டரின் குழந்தையை எந்தக் கணக்கில் எழுதுவது?

தலையில் இருந்த கவசத்தைப் பார்த்து அந்தக் குழந்தை அழுதது. கவசத்தைக் கழற்றியதும், உள்ளே இருப்பது அப்பா என்று தெரிந்தது. கிரேக்கம், லத்தீன் என்ற பெயர்களைக் கேட்டதும் ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அப்படித்தான் பயந்து ஒதுங்கினார்கள். மொழிபெயர்ப்பு அந்தக் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தது.

உள்ளே பார்த்தால், நம்மைப் போன்ற மனிதர்கள்தான்! பிள்ளையை முத்தமிடும் அப்பா. கணவனுக்காக வெந்நீர் போட்டு வைக்கும் அம்மா. கிழட்டுத் தகப்பனாரைச் சுமந்து ஓடும் மகன்.